வாழ்க்கை மாறினால் கையும் மாறணுமா?

மைக்கூடு:
எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கேள்வி. குழந்தை பிறப்பு, வேலை மாற்றம், இழப்பு, இடம்பெயர்வு, நோய் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்ததும் ஒரு சாரார் பழைய பாணியையே பிடித்துத் தொங்குகிறார்கள். இன்னொரு சாரார் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புது ஆளாக உட்கார்ந்து, மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகிறார்கள். 'நான் நானாக இருக்கணும்' என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். அந்த 'நான்' இருப்பது பாணியிலா, பழக்கத்திலா, வேறு எதிலாவதா? பொத்தாம்பொதுவாக வேண்டாம். நாளைக் காலை உட்கார்ந்தால் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

இரவுப்பறவை:
பழக்கத்தில்தான். தினமும் 20 நிமிடம், ஒரே நோட்டு. வருகிறதோ இல்லையோ, உட்காரணும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியின் ஆய்வு (2010) 96 பேரை 84 நாள் கவனித்தது. ஒரு செயல் தன்னால நடக்கிற அளவுக்குப் படிய ஏறக்குறைய 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கு. 'மனசு சரியில்லை'ங்கிறதெல்லாம் சாக்கு.

சருகு:
இந்த ஆய்வை ஊரே சொல்லுது, உள்ளே போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. 66 என்பது நடுமதிப்பு. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை போகும். ஆய்வு நடந்ததே 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது? பழக்கம் படிகிற வேகத்தைக் காட்டும் வளைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. அந்த வளைகோடும் நன்றாகப் பொருந்தினது 39 பேருக்கு மட்டும். அவங்க பழகினது தண்ணீர் குடிக்கிறது, பழம் சாப்பிடுறது, கொஞ்சம் ஓடுறது மாதிரி வேலைகள். இதை வெச்சுக் கவிதைக்கு அட்டவணை போடறீங்க.

இன்னொன்று. பழக்கம் சூழலோடு ஒட்டிக்கிட்டு வளருது. உளவியலாளர் வெண்டி வுட்டின் குழு 2005ல் பல்கலைக்கழகம் மாறிய மாணவர்களைப் பார்த்தது. புது இடத்திலும் சூழல் பழைய மாதிரியே அமைந்தவங்களுக்குப் பழக்கம் நீடித்தது, மற்றவங்களுக்கு அறுந்தது. மைக்கூடு கேட்கிறதே சூழல் மாறுகிற நேரத்தைப் பற்றி. அறுந்துபோகிற கயிற்றையா பிடிச்சுக்கச் சொல்றீங்க?

இரவுப்பறவை:
39 கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா வுட் ஆய்வு எனக்குத்தான் துணை நிற்குது. கையோடு எடுத்துப்போக முடிகிற சூழலை அமைச்சுக்கணும், அவ்வளவுதான். ஜன்னல், மேசை, விடிகாலை அமைதி இதிலெல்லாம் பழக்கத்தைக் கட்டினால் வீடு மாறின அன்றே போச்சு. நோட்டு, பேனா, முதல் செயல் இந்த மூன்றில் கட்டுங்க. முதல் செயல்: தேதி போடணும், நேற்றைய கடைசி வரியை அப்படியே மறுபடி எழுதணும், அதற்குக் கீழே தொடரணும். வெற்றுத்தாள் பயம் பாதி அங்கேயே தீர்ந்துடும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் 20 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அப்போ உள்ளங்கை அளவு அட்டை, ஒரே ஒரு வரி. அதே பேனா, அதே தேதி. பெரும்பாலானவங்க சறுக்குவது எங்கேன்னா, நேரம், கருவி, அளவு மூன்றையும் ஒரே வாரத்தில் மாத்திடறாங்க. அப்புறம் எழுத்து நின்னா எதனால நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கவே வழியில்லை. ஒன்றை மாத்துங்க, இரண்டு வாரம் பாருங்க, பிறகு அடுத்தது.

கோணல்கோடு:
நீங்கள் இருவரும் உட்காருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். உட்கார்ந்த பின் தாளில் வருவது யாருடையது? 66 நாளும் தவறாமல் உட்கார்ந்து அடுத்தவர் மாதிரி எழுத முடியுமே.

மாற்றத்துக்கு முன் செய்த வேலைகளில் பத்து எடுங்கள். மூன்று நிறப் பென்சில் போதும். எதைப் பற்றியது என்பதற்கு நீலம். கை எப்படிப் போகிறது என்பதற்குப் பச்சை: வாக்கிய நீளம், கோட்டின் தடிமன், சொல் தேர்வு. மற்றவர்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில் நீங்கள் நிறுத்தாமல் போனது, மற்றவர்கள் சொல்லியிருப்பதை நீங்கள் சொல்லாமல் விட்டது, இவை சிவப்பு. இப்படி இரண்டு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"அம்மா கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது."

அம்மா, கதவு நீலம். வாழ்க்கை மாறினால் இவை மாறும், மாறட்டும். வாக்கியம் குட்டையாக இருப்பது பச்சை. தூக்கம் கெட்ட காலத்தில் வாக்கியம் குறுகும், ஓய்வு கிடைத்தால் நீளும், அதற்காக அழ வேண்டாம். சிவப்பு விழுவது இரண்டாம் வாக்கியத்தில். சண்டையா, துக்கமா என்று சொல்லவில்லை. ஆள் போன பிறகும் கண் பொருளின் மேலேயே நிற்கிறது. பத்தில் ஆறேழு இடத்தில் இந்தப் பார்வை இருந்தால் அது உங்களுடையது. வேலை போனாலும் ஊர் போனாலும் கூடவே வரும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்கு 1941ல் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பின் அதிகமும் படுக்கை, சக்கர நாற்காலி. உதவியாளர்கள் குவாஷ் என்ற நீர்வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரியால் வெட்டிப் படமாக்கினார். தூரிகை கையை விட்டுப் போனது. ஒரே ஓட்டத்தில் உருவத்தின் விளிம்பைப் பிடிக்கிற சாமர்த்தியம் போகவில்லை.

சருகு:
தாழ்ப்பாள் அருமை, ஆனா உங்க சிவப்புப் பென்சில்தான் வில்லங்கம். 'என் முத்திரை இதுதான்'னு தெரிஞ்ச மறுநாளே அதைக் குத்த ஆரம்பிச்சுடுவோம். அடுத்த கதையில் திரைச்சீலை ஆடும், அதற்கடுத்ததில் ஊஞ்சல், நாலாவதில் கொடியில் சட்டை. வாசகர் ஐந்தாவதில் சிரிச்சுடுவார்.

அமெரிக்க ஓவியர் பிலிப் கஸ்டன், அடையாளம் தெரிகிற உருவம் இல்லாத அருவ ஓவியத்தில் பேர் வாங்கியவர். 1970ல் நியூயார்க் மார்ல்பரோ கேலரியில் முக்காடு போட்ட மனிதர்களைக் கார்ட்டூன் பாணியில் வரைந்து வெச்சப்போ விமர்சகர்கள் கிழிச்சாங்க. அருவப் படம் பத்தில் சிவப்பு போட்டுப் பார்த்திருந்தால் அந்த முக்காடு வந்திருக்குமா? ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 30 தடவைக்கு மேல் பேர் மாத்திக்கிட்டவர். அவரோட புகழ்பெற்ற 'பேரலை' படம் வந்தபோது வயசு 70ஐ ஒட்டி. என் யோசனை: மாற்றம் நடந்து 30 நாளைக்குப் பழையதைப் புரட்டவே கூடாது.

கோணல்கோடு:
கஸ்டன் உங்கள் கட்சிக்கு ஆகமாட்டார், நண்பரே. அந்த முக்காடு 1930களிலேயே அவர் வரைந்தது. நடுவில் அருவத்துக்குப் போய், முப்பது சொச்சம் வருஷம் கழித்துத் திரும்பினார். அருவப் படங்களிலிருந்து மட்டும் பத்து எடுத்தால் சிவப்பு தப்பாகத்தான் விழும்.

தன்னையே நகலெடுக்கும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. அதனால் சிவப்புக் குறிப்பை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். புது வேலை பத்து சேரும் வரை பிரிக்கக்கூடாது. பிரித்துப் பார்க்கும்போது அந்தப் பார்வை எப்போதும் கடைசி வரியிலேயே வந்திருந்தால் அது நகல். இடம் மாறி, பொருள் மாறி, நீங்களே கவனிக்காத இடத்தில் வந்திருந்தால் பயமில்லை.

மைக்கூடு:
உடம்பே மாறினால்? ஓவியர் மோனேவுக்கு 1912ல் கண்புரை என்று தெரிந்தது, வலது கண்ணில் அறுவை நடந்தது 1923ல். இடைப்பட்ட காலத்தில் வண்ணமே வேறாகத் தெரிந்திருக்கிறது. பார்வைதான் 'நான்' என்றால், அங்கே எந்தப் பார்வை?

சருகு:
அங்கே இரவுப்பறவைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கணும், வேண்டாவெறுப்பாகத்தான். மோனே வண்ண ட்யூபுகளின் பேரைப் படிச்சு எடுத்தார், தட்டில் வண்ணங்களை வரிசை மாறாமல் வெச்சார். கண் பொய் சொன்னாலும் வரிசை சொல்லாது. ஆனா அறுவைக்குப் பிறகு சில படங்களைத் திருத்தவும் அழிக்கவும் கிளம்பினார். பழையதை உடனே புரட்டாதீங்கன்னு நான் சொன்னது இதுக்குத்தான்.

இரவுப்பறவை:
மதிப்பெண்ணை வாங்கிக்கிறேன். இழப்பைப் பற்றி யாரும் தொடலை. உளவியலாளர் பென்னபேக்கர் 1986ல் சோதித்த முறை: உலுக்கிய விஷயத்தை ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதுவது. எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் கனக்கும், அதுக்குத் தயாரா இருக்கணும். இந்த எழுத்துக்குத் தனி நோட்டு வைங்க. வேலை நோட்டிலேயே கொட்டினால் மறுநாள் அதைச் செதுக்கத் தோணும். செதுக்கினால் அழுகையும் போயிடும், கதையும் வராது.

மைக்கூடு:
சரி, கோணல்கோடு, பத்து என்றால் எந்தப் பத்து?

கோணல்கோடு:
பிடித்ததை எடுக்காதீர்கள். பிடித்ததெல்லாம் ஏற்கெனவே அடுத்தவர் பாராட்டியதாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மூன்றுக்கு ஒன்றாக எடுங்கள். குறைவாக இருந்தால் இரண்டுக்கு ஒன்று. பாதியில் விட்டவை, கசக்கிப் போடாமல் தப்பியவை ஏதாவது இருந்தால் அவற்றில் இரண்டு கட்டாயம் சேரணும்.

சருகு:
30 நாள் கழிச்சு.