கையில் இருக்கும் பணத்துக்கு சைக்கிளா, கம்ப்யூட்டரா?

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக நிலுவையில் கிடந்த ஒரு தொகை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கடன் இல்லை, அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்தது தனியாக இருக்கிறது, அதனால் இதைச் செலவு செய்வது என்று முடிவு பண்ணியாச்சு. "எடுத்து வை, பின்னால் உதவும்" என்று சொல்ல வருபவர்கள் மன்னிக்கவும்.

இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சைக்கிள் வரும், இல்லையென்றால் சுமாரான ஒரு புது லேப்டாப் வரும். இரண்டும் சேர்ந்து வராது.

இப்போது வைத்திருக்கும் லேப்டாப் பழசு, விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் ஃபேன் அலற ஆரம்பித்துவிடும். கடிதம் அடிப்பது, எக்ஸெல் கணக்கு, வீடியோ பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. ராத்திரியில் உட்கார்ந்து புரோகிராமிங் கற்றுக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, ஆனால் இந்த வேகத்தைப் பார்த்தால் உட்காரவே மனசு வருவதில்லை.

சைக்கிள் ஆசை ஏன் என்றால், ஆபீஸ் 6 கிலோமீட்டர். பஸ்ஸில் போகும் நேரத்தைவிட பஸ்ஸுக்காக நிற்கும் நேரம்தான் அதிகம். நடுவில் ஒரு மேம்பாலம் தவிர மற்றதெல்லாம் சமதளம். உடம்பும் கொஞ்சம் போட்டுவிட்டது, டாக்டர் அசையச் சொல்கிறார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை வாங்குவீர்கள்?

சும்மாவந்தவன்:

கம்ப்யூட்டர் என்பது மனத்துக்கு ஒரு சைக்கிள் மாதிரி என்று ஸ்டீவ் ஜாப்ஸே சொல்லியிருக்கிறார். ஆகவே கம்ப்யூட்டர் வாங்கினால் இரண்டும் வாங்கின கணக்கு. அடுத்த கேள்வி?

திருப்புளி:

மேலே இருப்பவரை விடுங்கள். எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், இருக்கும் லேப்டாப் ஏன் நொண்டுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு (அதாவது பிராசஸர்), மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு சதவீதத்தில் நிற்கின்றன என்று எழுதுங்கள். ராம் (வேலை நடக்கும்போது தற்காலிகமாகப் பயன்படும் மெமரி) எத்தனை ஜிபி, உள்ளே இருப்பது தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா என்பதும் அங்கேயே தெரியும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்க வேண்டும். லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு. ஒரு ஃபைலை எடுக்க அதன் முள் இடம் மாறிப் போய் நிற்க 10 மில்லி செகண்டுக்கு மேலேயே ஆகும், எஸ்எஸ்டியில் அதற்கு ஒரு மில்லி செகண்டின் சின்னப் பகுதி போதும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை வாசிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அந்த முள் ஓட வேண்டும். பிராசஸர் பாவம் சும்மா உட்கார்ந்து காத்திருக்கும். இதோடு ராமும் 4 ஜிபி என்றால் கேட்கவே வேண்டாம், இடம் பத்தாததை எல்லாம் அதே டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அப்புறம் "கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது" என்று நாம் புதுசு வாங்கக் கிளம்புவோம்.

இன்னொன்று, "சுமாரான புது லேப்டாப்" என்கிறீர்களே, அதில்தான் எனக்குப் பயம். அந்த விலையில் வருவதில் நிறைய, 4 ஜிபி ராமை போர்டோடு ஒட்டி, 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய, எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு) என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க மெலிதாக, பளபளவென்று இருக்கும். பின்னால் எதையும் கூட்ட முடியாது. அப்டேட் வந்தாலே இடம் இல்லை என்று அழும். அதற்குப் பதில் உங்கள் பழசே மேல்.

எதிர்காற்று:

நான் சைக்கிள் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

6 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம். அவசரப்படாமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 24 நிமிடம். போக வர 48. வாரத்தில் ஐந்து நாள் என்றால் 240 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தனியாக ஜிம், வாக்கிங் என்று எதுவும் இல்லாமல், எப்படியும் போக வேண்டிய இடத்துக்குப் போவதிலேயே அது முடிந்துவிடுகிறது. எந்த லேப்டாப் இதைத் தரும்?

ஆனால் கடையில் போய் ஏமாறாதீர்கள். முன்னால் சஸ்பென்ஷன், தடி டயர், 21 கியர் என்று மிரட்டலாக ஒன்றைக் காட்டுவார்கள். விலை குறைவான சைக்கிளில் வரும் சஸ்பென்ஷன் பெரும்பாலும் வெறும் எடைதான், பாலம் ஏறும்போது நீங்கள் எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆபீஸ் போக உங்களுக்கு வேண்டியது ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ரொம்ப மெலிதும் இல்லாமல் தடியும் இல்லாத டயர், மட்கார்டு, கேரியர். மட்கார்டு இல்லாமல் ஈரமான ரோட்டில் ஒரு தடவை போனால் சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழும், அதோடு ஆபீஸில் உட்கார வேண்டும்.

அளவுதான் முக்கியம். சைக்கிளின் மேல் கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றால் கம்பிக்கும் கவட்டைக்கும் நடுவில் கொஞ்சமாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்புறம் சீட் உயரம்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டம் வரை இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும், ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருக்கும் என்பதால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. நிறைய பேர் சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

கடைசியாக, இருக்கும் பணம் முழுவதையும் சைக்கிளிலேயே கொட்டாதீர்கள். நல்ல பூட்டு, முன் பின் லைட், ஹெல்மெட், பம்ப், ஒரு மாற்று டியூப், இவற்றுக்கு எடுத்து வையுங்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாக, புது சைக்கிளை ஒரு சாதாரணச் சங்கிலியில் கட்டிவிட்டுப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரவுஷிஃப்ட்:

எல்லோரும் சைக்கிள் பக்கம் சாய்வதால் நான் கொஞ்சம் கட்டையைப் போடுகிறேன்.

சைக்கிள் இல்லாமலும் அவர் ஆபீஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் போய்ச் சேருகிறார். ஒழுங்கான கம்ப்யூட்டர் இல்லாமல் புரோகிராமிங் கற்க முடியாது, போனில் பாடம் பார்க்கலாம், கோடு எழுதிப் பழக முடியுமா? படிப்பு ஒரு வேலைக்கோ சம்பள உயர்வுக்கோ வழி விட்டால் அடுத்த வருஷம் சைக்கிளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சைக்கிள் வாங்கினால் அது லேப்டாப் வாங்கித் தராது.

அப்புறம், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொட்டதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆசையாக வாங்கி, முதல் மழையில் ஓரங்கட்டி, ஹேண்டில்பாரில் துண்டு காயப்போடும் சைக்கிள்கள் எத்தனை! வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்கி ஆபீஸ் போய் வரட்டும். வியர்வையோடு போய்ச் சட்டை மாற்ற இடம் இருக்கிறதா, வண்டியை நிறுத்த நிழலும் பூட்டிக் கட்ட ஒரு கம்பியும் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

லேப்டாப் என்றால் புதுசுதான் வேண்டும் என்று இல்லை. கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் பிசினஸ் மாடல்கள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன, கட்டுமானம் உறுதியாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும். வாங்கும்போது விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கமாண்ட் இருக்கிறது, அதை ஓட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

திருப்புளி:

@இரவுஷிஃப்ட் கோடு எழுதிப் பழகுவதற்குப் பெரிய மெஷின் வேண்டாமே. பைத்தான் மொழியின் ஆரம்பப் பாடத்துக்கும் வெப் பேஜுக்கும் அவரிடம் இருப்பதே போதும், டிஸ்க்கை மாற்றினால். வீடியோ எடிட்டிங், கேம்ஸ் என்றிருந்தால் நானே புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன். செகண்ட் ஹேண்ட் யோசனை நல்லதுதான், ஆனால் முதலில் அவர் அந்த எண்களைப் போடட்டும்.

எதிர்காற்று:

இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கும் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. ஒன்று மட்டும், முதல் இரண்டு நாள் உட்காரும் இடம் வலிக்கும். அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. திருப்புளி சொன்னபடி பார்த்தேன். பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது சிபியு 12 சதவீதம், மெமரி 4 ஜிபியில் 3.6, டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றுவிட்டது, இறங்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்தான். பிராசஸர் இன்டெல் ஐ3, 6ஆம் தலைமுறை. ராம் ஸ்லாட் இரண்டில் ஒன்று பயன்பாட்டில் என்று காட்டுகிறது, அப்படியென்றால் ஒன்று காலி என்றுதானே அர்த்தம்?

பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் சும்மா நிற்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஆபீஸில் நிறுத்த இடம் உண்டு, செக்யூரிட்டியும் உண்டு. சட்டை மாற்றுவதற்கு ஏதாவது வழி செய்ய வேண்டும்.

எஸ்எஸ்டியும் ராமும் போட்டு லேப்டாப்பை ஓட்டிக்கொண்டு, மிச்சத்தில் சைக்கிள் என்று மனசு போகிறது. மிச்சம் குறையும் என்பதால் கேட்கிறேன், கியர் இல்லாமல் வாங்கலாமா? அந்த மேம்பாலம் ஒன்றுதான் ஏற்றம்.

திருப்புளி:

டிஸ்க் 100, சிபியு 12. இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். ஆமாம், ஒரு ஸ்லாட் காலி.

ராம் வாங்கும்போது கவனம். 6ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் டிடிஆர்3எல் என்ற ராம் வகை போட்டதும் உண்டு, டிடிஆர்4 என்ற வகை போட்டதும் உண்டு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது. மாடல் நம்பரை மட்டும் சொல்லி வாங்காமல், உள்ளே இருக்கும் ராமின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டி 2.5 இன்ச் சாட்டா (ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அதே இணைப்பு வகை) வாங்கினால் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், 256 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும்.

விண்டோஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். உங்களுடையது அதில் வராது. குறுக்கு வழிகள் இருக்கின்றன, நான் சொல்ல மாட்டேன். புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள், 8 ஜிபி ராமில் சுகமாக ஓடும், கோடு கற்றுக்கொள்ளவும் தோது. அதோடு வரும் லிப்ரே ஆபீஸில் உங்கள் எக்ஸெல் ஃபைல்கள் திறக்கும், ஆனால் மேக்ரோ (ஷீட்டுக்குள் எழுதி வைத்த சின்ன புரோகிராம்) வைத்த ஷீட் இருந்தால் சில வேலை செய்யாது, அதை முதலில் பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் ஃபைல்களை வேறு எங்காவது காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு யுஎஸ்பி பெட்டி வாங்கி உள்ளே போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.

எதிர்காற்று:

கியர் இல்லாமலும் பாலம் ஏறலாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை. ஆனாலும் எதிர்காற்று வரும் நாளில் கியர் அருமை தெரியும் (என் பெயரே அப்படி வந்ததுதான்). முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 கியர், இப்படிக் கிடைத்தால் அதுவே உங்களுக்கு ஏராளம். 21 கியரில் பாதி ஒன்றோடொன்று ஒத்துப்போகும் விகிதங்கள்தான். டிஸ்க் பிரேக் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், சரியாக டியூன் செய்த வி பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிப்பது) நன்றாகவே பிடிக்கும், ரிப்பேரும் எளிது.

பெட்டியில் வரவழைத்து நீங்களே மாட்டுவதாக இருந்தால் இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திருகும், மறந்துவிட்டு முறுக்கினால் பெடல் மாட்டும் கிராங்க்கின் மரை போய்விடும். முதல் சில வாரத்தில் பிரேக், கியர் கேபிள்கள் தளரும், வீல் கோட்டம்கூட வரலாம், அதனால் ஒரு தடவை டியூன் பண்ணக் கொடுத்துவிடுங்கள். டயரில் எவ்வளவு காற்று என்று பக்கச் சுவரிலேயே அச்சடித்திருக்கும், பஞ்சர் இல்லாமலே டியூபிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வாரம் ஒரு தடவை பாருங்கள்.

இரவுஷிஃப்ட்:

சரி, இந்தக் கணக்கில் என் வாதம் எடுபடாது. ராத்திரி உட்கார்ந்து படிக்கிறாரா என்று மட்டும் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:

கட்டாயம் சொல்கிறேன். நாளைக்குப் பக்கத்து வீட்டில் சைக்கிள் கேட்கப் போகிறேன். ஸ்டிக்கரை போட்டோ எடுக்கலாம் என்று இப்போதே லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன், பின்மூடியில் எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தாச்சு, ஆனாலும் நடுவில் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. நெம்பலாமா?

திருப்புளி:

நெம்பாதீர்கள்! ரப்பர் கால்களுக்கு அடியில் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ அங்கே ஒளிந்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் மாடல் நம்பரைப் போடுங்கள், சர்வீஸ் மேனுவலில் பார்த்துச் சொல்கிறேன்.