எல்கேஜி வாசல், புதுத் தம்பி, வேன் சவாரி: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

கோவில்பட்டி அம்மா:
ஜூன் வந்தாச்சு, எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து வாண்டுகள் எல்கேஜி போகிறார்கள், அதில் என் மகளும் ஒருத்தி. ஜூலை 31க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் இவள் கடைசி வாரத்தில் நுழைந்தவள், அதனால் வகுப்பிலேயே சின்னவளாகத்தான் இருப்பாள். பை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கியாச்சு, ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வருஷமாக வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இவள் என்ன சேட்டை பண்ணினாலும் "இரு, உன்னை ஸ்கூல்ல கொண்டுபோய்ப் போட்டுடறேன்", "மிஸ் கிட்ட சொன்னா பிரம்பை எடுத்துக்கிட்டு வருவாங்க" என்றுதான் மிரட்டினார்கள். இப்போது அதே ஆட்களே "ஸ்கூல் ஜாலியா இருக்கும்டி தங்கம்" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? மாமியார் "விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடு" என்கிறார், தங்கை "கொஞ்ச நேரம் கூடவே உட்காரு" என்கிறாள். நீங்கள் என்ன செய்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

அங்கன்வாடி டீச்சர்:
திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற அம்மாக்களை ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரத்தில் நழுவிவிடுவார்கள். அன்றைக்கு என்னவோ அழுகை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை விளையாடாது, கதை கேட்காது, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டுப் போகிற அம்மாவின் பிள்ளை ஊரையே கூட்டும், அப்புறம் சீக்கிரமே அடங்கிவிடும். "கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வயதுக்குப் பன்னிரண்டு மணி, ஒரு மணி எல்லாம் புரியாது. "பாட்டு பாடி, சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டே நாளைத் தள்ளிவிடும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கவும் வேண்டும், முதல் வாரத்திலாவது.

ஒரு பையன் வந்தான், உள்ளே வரவே மாட்டேன் என்று பிடிவாதம். எங்கள் சமையல் உதவியாளர் அக்கா பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருப்பார், போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அக்கா ஒரு கொத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேச மாட்டார். இவனும் காம்பிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே உள்ளே நடப்பதை எட்டிப் பார்ப்பான். யாரும் "உள்ளே வா" என்று கூப்பிடவில்லை. ஒருநாள் கைதட்டிப் பாடுகிற பாட்டு ஆரம்பித்ததும் கையில் கீரையோடேயே எழுந்து வந்து வட்டத்தில் நின்றான். இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தால் இன்னும் பல நாள் ஆகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு பிள்ளை அப்பா:
எங்கள் வீட்டுப் பிரச்சினை பள்ளிக்கூடம் இல்லை, தம்பி பிறந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவி அவங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு. பெரியவனுக்கு யூகேஜி, அதனால் என்னோடும் எங்கள் அம்மாவோடும் சென்னையில் இருந்தான். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நமக்கு அது வழக்கம், ஆனால் அவனைப் பொறுத்தவரை ஒரு நல்ல நாளில் எல்லோரும் அம்மாவுக்கு வளையல் போட்டு, சோறு போட்டு, காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்! திரும்பி வரும்போது மடியில் வேறொருத்தன்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் அதைவிட மோசம். "இனிமே தம்பிதான் ராஜா, உனக்கு அம்மா மடி கிடையாதே" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள், இது ஒரு விளையாட்டாம். விட்டுப்போன படுக்கை நனைக்கிற பழக்கம் அவனுக்குத் திரும்ப வந்தது. ஒருநாள் தனக்கும் பாலாடையில்தான் பால் வேண்டும் என்றான். எங்கள் அம்மா "இவ்வளவு பெரிய பையன், வெட்கமா இல்லையா" என்று ஆரம்பிக்க, என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அவனை மடியில் சாய்த்துப் பாலாடையை வாயில் வைத்தாள். இரண்டு மடக்கு உள்ளே போனது, மிச்சம் கழுத்தில் வழிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து "எனக்கு டம்ளர்ல பூஸ்ட்" என்றான். அத்தோடு பாலாடை முடிந்தது. படுக்கை நனைவது நிற்கத்தான் ரொம்ப நாள் ஆனது, அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டோம். அப்புறம், வருகிறவர்களை "கை கழுவிட்டு வாங்க" என்று தடுத்து நிறுத்துகிற வேலையை அவனிடம் கொடுத்தோம். பெரிய மாமாவையே திருப்பி அனுப்பினான்.

காதைத் தொட்ட தாத்தா:
எங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு, எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரல் பிடித்து 'அ' எழுத வைத்தார்கள், மறுநாள் அப்பா தூக்கிக்கொண்டு போய் விட்டார், நான் ஜன்னல் வழியாகக் குதித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் எல்லாம் ரொம்ப யோசிக்கிறீர்கள் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் வாத்தியார் அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதனால் யோசியுங்கள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் (அரசுப் பள்ளி):
தாத்தா, இப்போது அடிக்கக் கூடாது என்பது சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடம்பில் கை வைப்பது மட்டும் இல்லை, மனதை நோகடிப்பதும் அதில் வரும்.

கோவில்பட்டி அம்மாவுக்கு: எழுத்து, எண் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் பழக்க வேண்டியது வேறு. டிபன் பாக்ஸ் மூடியைப் பிள்ளையால் திறக்க முடிகிறதா? நாலு பக்கமும் கிளிப் வைத்த டப்பாவை வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள், அது பெரியவர்களுக்கே நகம் பெயரும். ஜட்டியை, கால்சட்டைக் கொக்கியைத் தானே கழற்ற வருகிறதா? "மிஸ், பாத்ரூம்" என்று சத்தமாகக் கேட்க வருகிறதா? முதல் மாதம் வகுப்பில் நடக்கிற அழுகையில் நான் பார்த்தவரை நிறைய இதனால்தான் வருகிறது. கேட்கக் கூச்சம், நனைந்துவிடும், பக்கத்துப் பையன் சிரிப்பான், மறுநாள் வயிற்றுவலி என்று லீவு. பள்ளிக் கழிப்பறையை முதல் நாளே பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, எங்களுக்குப் பெரிய உதவி காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கினார்கள், அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பசி போகிறது என்பது ஒரு பக்கம். மணி அடித்ததும் நேரே வகுப்பு என்று இல்லாமல், வந்ததும் வரிசையாக உட்கார்ந்து பொங்கலோ கிச்சடியோ சாப்பிடுகிறார்கள், அழுதுகொண்டே வந்த பிள்ளையும் பக்கத்துத் தட்டைப் பார்த்துவிட்டுத் தானும் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

திருச்சி ராணி:
"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் என் மகள் "ஒன்னுமில்ல" என்பாள். காலையில் மட்டும் கிளம்ப மாட்டேன் என்று தரையில் புரளுவாள். மிஸ் நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார்கள். ஒருநாள் சாயங்காலம் பொம்மைகளை எல்லாம் நாற்காலியில் நெருக்கி அடுக்கிவிட்டு, குட்டிக் கரடியைக் கடைசியில் திணித்து "நீ பேசக் கூடாது, இது எங்க சீட்டு" என்றாள். பள்ளி இல்லை, வேன்! பெரிய வகுப்புப் பையன்களோடு கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேன் அண்ணாவிடம் பேசி, ஆயா பக்கத்தில் முன்னால் இடம் வாங்கினோம். காலையில் புரள்வது நின்றுவிட்டது. கேள்வி கேட்பதை விட அவர்கள் விளையாடுகிறபோது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு இருங்கள், எல்லாம் வெளியே வரும்.

மட்டக்களப்பு அக்கா:
எங்கட பக்கம் தரம் ஒன்றுக்கு வாற பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா வைப்பார்கள். தரம் இரண்டுப் பிள்ளைகள்தான் மாலை போட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள். போன வருஷம் அழுத என் மகன் இந்த முறை மாலையோடு நின்றான், என்ன பெருமை என்கிறீர்கள்!

கோவில்பட்டி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கிளிப் டப்பாவை மாற்றிவிட்டேன், இப்போது தயிர்சாதத்தைத் தானே திறந்து சாப்பிடுகிறாள். டீச்சர், ஒரு சந்தேகம்: ஒருமுறை பழகிவிட்டால் அவ்வளவுதானே, மறுபடி அழ மாட்டாளே?

அங்கன்வாடி டீச்சர்:
அழுவாள் அம்மா. காய்ச்சல் வந்து நாலு நாள் வீட்டில் இருந்தால், காலாண்டு லீவு முடிந்தால், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் இந்த முறை சீக்கிரம் அடங்கும். பழையபடி சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டுப் போங்கள். பொங்கல் லீவு முடிந்து திறக்கிற அன்றைக்கு எங்கள் மையத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அழுகைதான், அன்று மட்டும் நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.