அணுவிசை நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்கள் உருண்டு கழன்றுவிடுகின்றன: அவசர உதவி தேவை

தேயிலைமேடு:
வணக்கம். உயிருள்ள கலங்களை, கூர்முனையால் தொட்டுத் தடவிப் படம் எடுக்கும் அணுவிசை நுணுக்குக்காட்டியில் காலை முதல் மாலை வரை தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் நன்றாகப் பரந்து படிந்திருக்கும் கலங்கள் நண்பகலுக்கு முன்பே சுருங்கி, உருண்டு, தட்டை விட்டுக் கழன்றுவிடுகின்றன. வெப்பநிலை 37 பாகையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளருக்குப் படங்களைக் காட்ட வேண்டும். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

மென்சவ்வு:
எந்தக் கலம், எந்த ஊடகம் (கலங்களை வளர்க்கும் திரவம்), தட்டு திறந்ததா மூடியதா, முனை எவ்வளவு விசையோடு தொடுகிறது என்பவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே. ஊடகத்தின் நிறம் மாறுகிறதா என்பதையாவது கூறுங்கள்.

கூர்முனை:
எனக்கு ஐயமே இல்லை, விசைதான் காரணம். மீற்றருக்கு 0.03 நியூற்றன் அளவிலான மென்மையான நெம்பை (முனையைத் தாங்கும் நுண்தகட்டை) பயன்படுத்தி, தொடுவிசையை 1 நனோநியூற்றனுக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.

தேயிலைமேடு:
ஹீலா கலங்கள் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்க் கலங்கள்), டிஎம்இஎம் என்ற வழக்கமான வளர்ப்பு ஊடகம், திறந்த தட்டு. ஊடகம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறுகிறது. இடம் கண்டிக்கு அருகில்.

மலைக்காற்று:
உயரம்தான் பிரச்சினை! மலையகத்தில் வளியமுக்கம் குறைவு என்பதால், கலங்களை வளர்க்கும் இன்கியுபேட்டரில் வைக்கும் 5 சதவீதக் காபனீரொட்சைட்டு என்பது உண்மையில் 5 சதவீதத்தின் பயனைத் தராது.

மூத்தகை:
கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் வழக்கம் இங்கே அருகிவிட்டது. உயரக் கோட்பாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் ஊடகத்தின் பீஎச் (அமில-கார அளவு) 0.03 அளவே கூடும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவிலும் 0.1ஐத் தாண்டாது. திறந்த தட்டு காண்பதோ 0.04 சதவீதக் காபனீரொட்சைட்டு மட்டுமே உள்ள அறைக் காற்றை. டிஎம்இஎம்மில் உள்ள 44 மில்லிமூலர் இருகாபனேற்று அங்கே வாயுவை இழந்துகொண்டே போக, ஊடகம் காரமாகிறது. உங்கள் நிற மாற்றம் அதைத்தான் சொல்கிறது.

மலைக்காற்று:
ஐயா, இன்கியுபேட்டரிலேயே 0.1 கூடிய நிலையில் தொடங்கும் கலம் களைத்துத்தான் வரும் என்பதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

மூத்தகை:
அந்தக் களைப்பில் கலங்கள் உருண்டு கழல்வதில்லை. தவிர, அவர் இருப்பது நுவரெலியாவிலும் அல்ல.

மென்சவ்வு:
இருவரும் சற்றுப் பொறுங்கள். தேயிலைமேடு, ஒரே மாதிரியான இரண்டாவது தட்டு ஒன்றை முனை தொடாமல் அதே மேடையில் வைத்திருங்கள். அதுவும் உருண்டால் விசையைக் குறை சொல்ல இடமில்லை. இருகாபனேற்றுக் குறைந்த ஊடகத்தில் 25 மில்லிமூலர் ஹெப்பீஸ் (பீஎச்சை நிலையாக வைத்திருக்கும் பொருள்) சேர்த்து, பீஎச்சை 37 பாகையிலேயே 7.4 ஆகச் சரிசெய்யுங்கள். அறைவெப்பநிலையில் சரிசெய்தால் சூடானதும் அது இறங்கிவிடும். ஹெப்பீஸ் சேர்த்த ஊடகத்தை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், ஊடகத்திலுள்ள ரைபோபிளேவின் என்ற விற்றமினோடு சேர்ந்து, கலங்களுக்கு நச்சான ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகும். அடுத்தது ஆவியாதல்: குளிர்ந்த அறையில் சூடான திறந்த தட்டு விரைவாக நீரை இழப்பதால் உப்புச் செறிவு ஏறி, கலம் சுருங்கும். நெம்பின் பிடியைச் சுற்றி மென்சவ்வு வளையம் போட்டு மூடலாம். அல்லது ஊடகத்தை மிக மெதுவாகப் புதுப்பிக்கலாம். புதிய ஊடகத்தை முன்கூட்டியே சூடாக்காவிட்டால் கரைந்திருக்கும் வாயு குமிழியாகி நெம்பில் ஒட்டிக்கொள்ளும்.

கூர்முனை:
விசையையும் ஒருமுறை பாருங்கள் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன்.

தேயிலைமேடு:
தொடாத தட்டும் உருண்டுதான் போனது. ஹெப்பீஸும் வளையமும் சேர்த்தபின் மாலை வரை தட்டையாக இருக்கின்றன. அனைவருக்கும் நன்றி.

கூர்முனை:
மகிழ்ச்சி. ஊடகத்தில் சீரம் எவ்வளவு சேர்த்தீர்கள்? அதன் புரதம் முனையில் படிந்தால் மாலைப் படங்கள் மங்கலாகியிருக்குமே.