புளிப் பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை

அம்மா: சரவணா, போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது, விமான நிலையத்தில் எடுத்த ஒரு போட்டோவைத் தவிர ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டாயா? பூகம்பம் வந்த ஊர் அதுதானே?

சரவணன்: அதே ஊர்தான் அம்மா, துருக்கியில் இருக்கிற காசியான்டெப். 2023 பிப்ரவரி 6 விடியற்காலை வந்தது, நடு ஊரில் இருக்கிற பழைய கோட்டைச் சுவரே சரிந்தது. இப்போது கடைத்தெருவில் நடக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம், பயப்படாதே. இன்று காலை ஆறரைக்கே ஆட்டுக்கறி சூப் குடித்தாயிற்று.

சித்தி: காலையில் வெறும் வயிற்றிலா?

சரவணன்: இங்கே காலைச் சாப்பாடே அதுதான் சித்தி. பெய்ரான் என்று பெயர். ராத்திரி முழுக்க வெந்த கறியை நார் நாராகப் பிய்த்து வைத்திருப்பார்கள், கிண்ணத்தில் அடியில் சோறு, மேலே கறி, பூண்டு, மிளகாய், அப்புறம் எலும்புச் சாறு. ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாகப் பெரிய தீயில் ஏற்றுகிறார்கள். இடுக்கியில் பிடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

மாமா: நம் ஊரில் விடியற்காலைப் பாயா மாதிரி.

சரவணன்: அதே ஜாதி மாமா. ஆனால் மசாலாவே கிடையாது. பட்டை, கிராம்பு எதுவும் இல்லாமல் கறியின் மணம் மட்டும் நிற்கிறது.

அக்கா: கபாப் எங்கே? அதற்குத்தானே போனாய்.

சரவணன்: நேற்று ஒரு உஸ்தாவின் பட்டறையில் அரை நாள் நின்றேன் அக்கா (உஸ்தா என்றால் கைதேர்ந்தவர், நம் மேஸ்திரி மாதிரி). பிறை மாதிரி வளைந்த பெரிய கத்தி, ஸர்ஹ் என்கிறார்கள், அதை ஆட்டி ஆட்டித்தான் கறியையும் வால் கொழுப்பையும் கொத்துகிறார்கள். மெஷினில் போட்டால் கறி நசுங்கிச் சாறு வெளியே போய்விடும், கத்தி வெட்டத்தான் செய்யும், நசுக்காது. பத்து வருடமாக ஓட்டலில் கொத்துக்கறியை மெஷினில் அரைத்த எனக்கு அந்த ஒரு கபாப்பிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

அம்மா: அதெல்லாம் சரி, நான் கட்டிக் கொடுத்த புளி தீர்ந்துவிட்டதா?

சரவணன்: பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை அம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த ஊர் சமையலில் புளியைத் தேட வேண்டியதே இல்லை, ஆனால் புளிப்பு இல்லாத வேளையும் இல்லை. நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா இன்று தோல்மா செய்தார். கோடையில் கத்தரிக்காயைக் குடைந்து, நூலில் மாலையாகக் கோத்துக் காயவைத்தது. அதை வெந்நீரில் போட்டு எடுத்து, அரிசி, கொத்துக்கறி, பூண்டு, மிளகாய் விழுது எல்லாம் பிசைந்து அடைத்து, பானையில் நெருக்கமாக அடுக்கினார். அப்புறம் ஒரு கிண்ணத்தைத் திறந்தார் பார், உள்ளே சிவப்பாகத் தண்ணீர். சுமாக் என்று ஒரு செடியின் காய்ந்த பழம், அதை ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டியது. நீ புளி கரைக்கும்போது உள்ளங்கையால் அழுத்துவாயே, அதே கை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சித்தி: அய்யோ கண்ணு.

அம்மா: அளவு கேட்டாயா?

சரவணன்: கேட்டேன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார், அதுதான் அளவு. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார், கொதிக்கும்போது காய் பிரியாமல் இருக்க.

அக்கா: வேறு என்ன புளிப்பு?

சரவணன்: புளிப்பு மாதுளையின் சாற்றை மட்டும் சர்க்கரை போடாமல் கெட்டியாகக் காய்ச்சுகிறார்கள், கறுப்பாகப் பாகு மாதிரி வரும். பழுக்காத திராட்சைச் சாறும் உண்டு. எலுமிச்சை இருக்கிறது, தயிர் இல்லாத சாப்பாடு இல்லை. சுட்ட கத்தரிக்காயை மசித்துப் பூண்டுத் தயிரில் கலந்து அதன் மேல் கறியைப் போடுகிறார்கள், அலி நாசிக் என்று பெயர். முதல் வாயிலேயே பாட்டி வைக்கும் சுட்ட கத்தரிக்காய் கொத்சு ஞாபகம், அந்தப் புகை வாசனைதான். ஒரு புளிப்பை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழம்பு இருக்கிறது. ஓட்டலில் எல்லாவற்றுக்கும் எலுமிச்சை பிழிகிறோமே, அது தப்பு.

(படம்)

சரவணன்: மொட்டை மாடி. மிளகாய் விழுதைத் தட்டுகளில் உப்புப் போட்டு வெயிலில் வைத்திருக்கிறார்கள், வருடம் முழுக்கச் சமையலுக்கு இதுதான்.

அம்மா: காக்காய் வராதா?

சரவணன்: மெல்லிய துணி போட்டு மூடுகிறார்கள் அம்மா, நீ வடகத்துக்குப் போடுகிற மாதிரியே.

அப்பா: பேப்பரில் படித்தேன், யுனெஸ்கோ 2015-இல் உணவுக்கான படைப்பு நகரம் என்று அந்த ஊரைச் சேர்த்திருக்கிறது. அந்த ஊர் இனிப்பு, பக்லாவா, சாப்பிட்டாயா?

சரவணன்: சாப்பிட்டேன் அப்பா. ஏறக்குறைய நாற்பது அடுக்கு மாவு, ஒவ்வொன்றும் பின்னால் கை தெரிகிற மெல்லிசு. நெய் ஆட்டுப் பால் நெய், பிஸ்தா நல்ல பச்சை, முற்றுவதற்கு முன் பறித்தது. முள்கரண்டியால் குத்தினால் சருகு மிதித்த சத்தம். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியமே ஆன்டெப் பக்லாவா (ஆன்டெப் என்றால் இந்த ஊர்தான்) என்ற பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டுதான் வாங்கி வருவேன்.

சித்தி: எனக்கு அந்த மாதுளைப் பாகு ஒரு பாட்டில்.

சரவணன்: இரண்டாகவே வாங்குகிறேன் சித்தி, வீட்டில் காய்ச்சியதுதான். கடையில் மலிவாகக் கிடைப்பதில் குளுக்கோஸ் பாகைக் கலந்திருப்பார்களாம், அந்த அம்மா சீட்டைப் படித்துக் காட்டினார். அம்மா, இன்னொன்று. இங்கே யார் சாப்பாடு போட்டாலும் சாப்பிட்டு முடித்ததும் எலினிசே சாலக் என்று சொல்ல வேண்டும். உங்கள் கை சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தம். ஊருக்கு வந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

அம்மா: சொல்லு சொல்லு. புளியைத் திருப்பிக் கொண்டுவராதே, அந்த அம்மாவுக்கு ஒரு ரசம் வைத்துக் கொடு. அங்கே கறிவேப்பிலை கிடைக்காது, பரவாயில்லை, நெய்யில் சீரகம் தாளித்துவிடு.

சரவணன்: ஞாயிற்றுக்கிழமை வைக்கிறேன் அம்மா.

அம்மா: வெந்நீரில் ஊற வை. கொட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கரை, பாவம், அவர் பல்லில் பட்டுவிடப் போகிறது.