சீனர்களுக்கு நகலெடுக்க மட்டும்தான் தெரியுமா?

வேலிப்பருத்தி:
சீனாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அவனுக்குக் காப்பியடிக்கத்தான் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இது நாம் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல, மேற்கிலிருந்து இரவல் வாங்கியது என்பது என் எண்ணம். 2014 மே மாதம், அன்று அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன் விமானப்படைக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, சீனாவிலிருந்து வந்த புதுமை ஒன்றையாவது சொல்லுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டார். 2011ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சீனாவின் பிஒய்டி கார்களைப் பற்றிக் கேட்டதுமே டெஸ்லாவின் ஈலான் மஸ்க் சிரித்தார். 2023 கடைசிக் காலாண்டில் முழு மின்கார் விற்பனையில் அதே பிஒய்டி டெஸ்லாவை முந்தியது. 2025 ஜனவரியில் ஹாங்சோ நகரத்து டீப்சீக் நிறுவனம் தன் ஏஐ மாடலை வெளியிட்டபோது, ஒரே நாளில் அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 60,000 கோடி டாலர் காணாமல் போனது. இதற்கு மேலும் அந்தப் பழைய வரியையே சொல்லிக்கொண்டிருப்பது சரியா?

தெற்குவாசல்:
அதிகம் விற்பதும் புதிதாகப் படைப்பதும் ஒன்றல்ல நண்பரே. பிஒய்டியின் பெயர்பெற்ற பிளேடு பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் டெக்சஸ் ஆய்வகத்தில் பிறந்தது. 1997ல் கட்டுரை வந்துவிட்டது. விதை அங்கே, அறுவடை இங்கே. டீப்சீக்கையும் சொன்னீர்கள். அதன் செயலியில் 1989 ஜூன் 4 தியானன்மென் ஒடுக்குமுறை பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கேள்வியையே தடுத்து வைத்திருக்கும் சமூகத்தில் உண்மையான புதுமை எப்படி வரும்?

வேலிப்பருத்தி:
அந்த விதையை ஊன்றப் பார்த்த அமெரிக்கப் பேட்டரி நிறுவனமும் ஒன்று உண்டு: ஏ123. 2012ல் திவாலானது, மறு ஆண்டே ஒரு சீன நிறுவனம் அதை வாங்கியது. எடை அதிகம், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைவு என்று அந்த வேதியியலைக் காருக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கினார்கள். பிஒய்டிக்காரர்கள் பேட்டரி செல்லை நீளமாகவும் மெல்லியதாகவும் செய்து, நடுவில் இருந்த பெட்டிகளை எடுத்துவிட்டு நேரடியாக அடுக்கினார்கள். வீணான இடம் குறைந்தது, தூரம் கூடியது. பெற்றவளை மட்டும்தான் தாய் என்பீர்களா? வளர்த்தவளுக்குப் பெயர் கிடையாதா?

ஈரக்காற்று:
நான் தென் சீனாவுல ஷென்ஜென்ல ஆறு வருஷம் இருந்தவன். போன் உதிரிபாகம் வாங்கி அனுப்புற வேலை. அங்க இருக்கிற ஹுவாச்சியாங்பெய் எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல நடக்காத நாளே கிடையாது. அதனால இதைச் சொல்லியே ஆகணும்.

நம்ம ஊர்ல "சைனா செட்"னு சொன்னோமே, அதுக்கு அங்க ஷான்ஜாய்னு பேரு. திருட்டு மாலுன்னுதான் நாம நினைச்சோம், பேரை நோக்கியா மாதிரியே போட்டு வித்ததும் உண்மை. ஆனா உள்ள நடந்தது வேற. தைவான் மீடியாடெக் கம்பெனி சிப்போட மென்பொருளையும் சேர்த்தே குடுத்துச்சு. அதை வச்சு ஒரு டிசைன் கம்பெனி போர்டு போடும். அதை "கோங்பான்"னு சொல்வாங்க, பொதுப் பலகைன்னு வச்சுக்கலாம். யார் வேணா வாங்கலாம், மேல மாட்டுற கூடு மட்டும் அவங்கவங்க இஷ்டம். ரெண்டு சிம், கட்டட வேலை நடக்கிற இடத்துலயும் காதுல விழற ஸ்பீக்கர், டார்ச் லைட்டு. பெரிய கம்பெனிங்க ரெண்டு சிம் போன் விடலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த காலம் அது. இவங்க விட்டுட்டாங்க. காலைல ஒரு கடைக்காரர்கிட்ட ஒரு குறை சொன்னா, அடுத்த வாரம் திருத்தின மாதிரி மேஜைல இருக்கும். யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. பத்து கை பட்டிருக்கும்.

வெளியிலேர்ந்து வர்றவங்க ஒரு ஆள் முகத்தைத் தேடுறாங்க. முகம் தெரியலைன்னதும் இங்க ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க.

தெற்குவாசல்:
நேரில் பார்த்தவர் நீங்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சந்தையின் சாமர்த்தியம். நான் கேட்பது, ஒரு மனிதன் தனியாக நின்று "இது தவறு" என்று சொல்ல அங்கே இடம் உண்டா என்பதுதான். 2011ல் அரசை விமர்சித்த கலைஞர் ஐ வெய்வெய்யை 81 நாள் அடைத்து வைத்தார்கள். அலிபாபாவைத் தொடங்கிய ஜாக் மா 2020 அக்டோபரில் வங்கிக் கட்டுப்பாடுகளைக் குறை சொல்லிப் பேசினார். சில நாளில் அவருடைய ஆன்ட் நிதி நிறுவனத்தின் பங்கு வெளியீடே நிறுத்தப்பட்டது.

நீர்முள்ளி:
வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் இடையில் வருகிறேன். வெளியார் சீனாவைப் பற்றிச் சொன்னதில் பாதி, சொன்னவர்களைப் பற்றியதுதான். 18ஆம் நூற்றாண்டில் வோல்டேர் சீனாவைப் பகுத்தறிவு ஆளும் நாடு என்று புகழ்ந்தார். அதே பிரான்சில் மொந்தெஸ்கியூ அதை அச்சம் ஆளும் நாடு என்றார். இருவருமே அங்கே போனதில்லை. தத்தம் நாட்டு அரசரோடும் மதகுருமாரோடும் நடத்திய வழக்குக்குச் சீனாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஆசியரான தாகூரும் 1924ல் போனார். கீழை நாடுகளின் ஆன்மிகப் பெருமையைப் பேசினார். சீன அறிஞர் லியாங் சிச்சாவ் அவருக்குச் சீனப் பெயரே சூட்டினார். ஆனால் பெய்ஜிங்கில் அவர் பேசிய கூட்டத்திலேயே இளைஞர்கள் எதிர்ப்புத் துண்டறிக்கை கொடுத்தார்கள். நாடு அந்நியரிடம் சிக்கிக் கிடந்த நேரத்தில் அவர்களுக்கு அறிவியல் வேண்டியிருந்தது. எவ்வளவு அன்போடு சொன்னாலும், கேட்பவர் தேவை என்னவென்று தெரியாமல் சொன்னால் அது சேருவதில்லை.

படைப்பாற்றலுக்கு நான் காட்டுவது மருந்தியல் விஞ்ஞானி தூ யோயோவை. 1967ல் வியட்நாம் போரின்போது மலேரியா மருந்துக்காகத் தொடங்கிய ரகசிய ராணுவத் திட்டம், 523. மாவோவின் பண்பாட்டுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். கணவரைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள், சின்ன மகளை விட்டுவிட்டு இவர் வேலைக்குப் போனார். எத்தனையோ மூலிகைகளைச் சோதித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பில் ஒரு வரி: சிங்ஹாவ் செடியை ஒரு கைப்பிடி எடுத்து நீரில் ஊறவை, பிழிந்து சாற்றைக் குடி. கொதிக்க வை என்று அதில் இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்கு அங்கேதான் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971ல் 191ஆம் மாதிரி எலிகளிடமும் குரங்குகளிடமும் இருந்த மலேரியாவை முழுதாக ஒழித்தது. பிறகு அதைத் தானே குடித்துப் பார்த்தார். முனைவர் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ அவருக்குக் கிடையாது. அந்தச் சமூகத்தில் படைப்பு முளைக்காது என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

தெற்குவாசல்:
அக்கா, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்கிறேன். 1977ல் அந்தக் கண்டுபிடிப்பு கட்டுரையாக வெளிவந்தபோது தூ யோயோவின் பெயர் அதில் இல்லை. ஆய்வுக் குழு என்று மட்டும் போட்டார்கள். 2015ல் நோபல் கிடைத்தபோதுகூடச் சீன அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக்கியிருக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது வருடம். ஈரக்காற்று சொன்ன "முகம் தெரியாத பத்து கை" எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பெயர் கேட்டால் கிடைக்குமா?

நீர்முள்ளி:
கிடைக்கவில்லை. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வந்தது "முடியாது" என்ற சொல்லுக்கு எதிராக மட்டும்தான்.

வேலிப்பருத்தி:
எதிர்காலத்தையும் பேசுவோம். எனக்குக் கவலை தருவது தணிக்கையைவிடக் களைப்பு. 2024ல் காவ்காவ் நுழைவுத் தேர்வுக்கு 1 கோடியே 34 லட்சம் பேர் பதிந்தார்கள். அதைத் தாண்டி வந்தால் 996: காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள். 2021ல் உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டில்தான் "தாங்பிங்" என்ற சொல் பரவியது, போட்டியே வேண்டாம் என்று படுத்துவிடுவது. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம், உடனே அந்தக் கணக்கை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்தினார்கள். 2022 முதல் மக்கள்தொகையும் குறைகிறது.

தெற்குவாசல்:
இதில் நாம் இருவரும் ஒரே பக்கம். "சீனர்களுக்குக் கற்பனை கிடையாது" என்று நான் முன்பு பல இடங்களில் எழுதியிருக்கிறேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். கற்பனை உண்டு. அதை வெளியே விடும் அனுமதி யார் கையில் இருக்கிறது என்பதே என் வழக்கு, அதை விடமாட்டேன்.

ஈரக்காற்று:
எங்க ஆபீஸ்ல ஹூனான்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு. பகல்ல போர்டு டெஸ்டிங். ராத்திரி நெட்ல தொடர்கதை எழுதும். நைட் ஷிஃப்ட் பொண்ணுங்க, ஹாஸ்டல், முதலாளி, இதான் கதை. ஒரு நாள் மூணு அத்தியாயத்தைத் தூக்கிட்டாங்க, காரணம் சொல்லலை. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அப்புறம் அதே ஆளுங்களை சோங் ராஜவம்சத்துப் பட்டு நெசவுப் பட்டறைல கொண்டு போய் உட்கார வச்சு மறுபடி எழுத ஆரம்பிச்சுது. படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சுது. கீழ கருத்துப் பகுதில "எங்க பட்டறைலயும் இப்படித்தான்"னு எழுதினாங்க.

தெற்குவாசல்:
அந்த மூன்று அத்தியாயமும் அவரிடம் இருக்கிறதா?

ஈரக்காற்று:
ஒரு நோட்டுல கையால எழுதி வச்சிருந்துது. எனக்கு ஒரு தடவை காட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச சீனத்துல பாதிதான் படிக்க முடிஞ்சுது.