புதுப்பிப்பு: அம்மாவின் சிறுநீர்க் கசிவு, ஆறு வாரத்துக்குப் பிறகு

82 வயது அம்மா பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது, இனி டயபர்தான் வழியா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டாக்டர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார், தொற்று இல்லை. அடுத்து, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். இருந்தது. குடலில் மலம் கட்டிக்கொண்டால் அது சிறுநீர்ப்பையை அழுத்துமாம். அதைச் சரிசெய்ததுமே பாதி அவசரம் குறைந்தது. சாயங்காலம் போட்டுவந்த நீர் மாத்திரையையும் (சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை) காலைக்கு மாற்றிவிட்டார்.

எனக்கு மனம் வலித்த விஷயம் ஒன்று உண்டு. நனைந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார், நாங்கள் கவனிக்கவே இல்லை. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலடையும். இப்போது பகலில் நன்றாகக் குடிக்கிறார், மாலை காபி மட்டும் கிடையாது.

பெரிய மாற்றம் தந்தது நேரக்கணக்குதான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, "போகணுமாம்மா?" என்று கேட்டுக் கூட்டிப்போகிறோம். கட்டிலருகே கமோடு நாற்காலி, இரவு விளக்கு, புடவைக்குப் பதில் நைட்டி. பகலில் கசிவு அநேகமாக நின்றுவிட்டது.

சிறுநீர் அவசரத்தைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டேன். தளர்ந்த வயதில் அது குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும், வேண்டாம் என்றார்.

இரவில் மட்டும் பேடு வைக்கிறோம். காலையில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு. தொடையிடுக்குப் புண் ஆறிவிட்டது.