பொருள்: இன்சிடென்ஸ், பிரிவலன்ஸ் – தமிழில் என்ன போடலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். கிராமச் செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்சிடென்ஸை (ஒரு காலத்தில் புதிதாக நோய் கண்டவர்களின் அளவு) ‘நிகழ்வு’ என்றும் பிரிவலன்ஸைப் (ஒரு நேரத்தில் நோயோடு இருப்பவர்களின் அளவு) ‘பரவல்’ என்றும் எழுதியிருக்கிறேன். ‘பரவல்’ என்றதும் மாணவிகள் தொற்று பரவுவதைத்தான் நினைக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

*

அம்மா, ‘பரவல்’ வேண்டவே வேண்டாம். தொழுநோயைப் பாருங்கள். 2005 முடிவில் இந்தியாவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று ஒழிப்பை அறிவித்தார்கள். அது சிகிச்சைப் பதிவேட்டில் இருந்தவர்களின் கணக்கு, அதாவது பிரிவலன்ஸ். முன்பு டாப்சோன் என்ற ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினார்கள், சிலர் ஆயுள் முழுக்க. கூட்டு மருந்து வந்தபின் ஆறு மாதம் அல்லது ஓராண்டில் சிகிச்சை முடிந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். பதிவேடு மெலிந்ததற்கு அது பெரிய காரணம். புது நோயாளிகளோ அதன்பிறகும் பல ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டையும் குழப்பிப் படித்த செவிலியர், உணர்ச்சியற்ற தேமலோடு வரும் பிள்ளையை ‘அதுதான் ஒழிந்துவிட்டதே’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைக் கணக்கின் வரவும் இருப்பும் போதும்: நோய்வரவு, நோயிருப்பு. வரவு கூடாமலே இருப்பு ஏறலாம். இன்சுலின் வந்து சர்க்கரை நோயாளிகள் நெடுநாள் வாழத் தொடங்கியதும் அப்படித்தான் ஏறியது.

*

> நோய்வரவு, நோயிருப்பு

ஐயா, வரவு என்றால் நல்வரவு அல்லவா? நோய்க்கு ஒட்டாது. தவிர, அகப்பாடல்களில் ‘நோய்’ பெரும்பாலும் காதல் துன்பம். உடலைப் பிணித்துக் கிடத்துவது பிணி. ‘உண்மை’க்கு மூலப்பொருள் உள்ளதாம் தன்மை, உள் என்ற அடியிலிருந்து வந்தது. ஆகவே பிரிவலன்ஸ் ‘பிணியுண்மை’, இன்சிடென்ஸ் ‘பிணித்தோற்றம்’. உண்மை, இன்மை என்ற பழைய இணையும் மீண்டும் புழங்கும்.

*

அழகான சொல்தான். ஆனால் ‘பிணியுண்மை’யைப் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ‘நோயைப் பற்றிய உண்மை’ என்றுதான் படிப்பாள். கையேடு அவளுக்காக. என் ஓட்டு இருப்புக்கு.

*

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி ‘நோயிருப்பு வீதம்’ போடுகிறேன். ‘வரவு’ பலருக்கு உறுத்துவதால் மற்றது ‘புதுநோயாளர் வீதம்’. முதல் இடத்தில் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் இருக்கும்.

*

இருப்புக்கு ‘வீதம்’ தவறு அம்மா. குறிப்பிட்ட நாளில் ஊரில் எத்தனை பங்கு பேருக்கு நோய் என்பதுதான் அது. வீதம் என்றால் ஒரு காலத்தில் எவ்வளவு வேகமாக என்பது; இருப்பில் அந்த வேகம் கிடையாது. ‘நோயிருப்புப் பங்கு’ என்று மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.